மைமூன் சொன்ன பெயர்கள்

கிள்ளானிலிருந்து கரி லோரியில் வந்து பிரிக்பீல்ட்ஸில் இறங்கிய மூன்றாம் நாளே பள்ளிக்கூடப் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. மைமூன் இன்னும் சட்டி பானைகளைக்கூட மூட்டையிலிருந்து எடுத்து வைத்து முடிக்கவில்லை. ரயில்வே வீட்டு வரிசையில் பின்பக்கத்து அறையை அவர்களுக்கு விட்டிருந்தவர் சிக்னல்காரர் கன்னையா. அவருடைய மனைவி சீதாலெட்சுமிதான் முதலில் கேட்டாள், பையனை எங்கே சேர்க்கப் போகிறீர்கள் என்று.

எங்கேயாவது சேர்க்க வேண்டும் என்றாள் மைமூன்.

"எங்கயாவதுன்னா? இது கோலாலம்பூரு. இங்க பள்ளிக்கூடத்தப் பாத்துத்தான் சேர்க்கணும். பையன் பேரு என்ன?"

"சின்னவரு."

சீதாலெட்சுமி கையிலிருந்த மரவள்ளிக்கிழங்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "பதினாலு வயசுப் பயலுக்கு 'ரு' போடுறியே, அவன் என்ன கவர்னரா?"

பிறகு அவளுக்கே புரிந்துவிட்டது. பையனுக்கு அவன் தாத்தாவின் பெயர். மைமூனின் மாமனார் இறந்த மாதத்தில் பிறந்ததால் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வது அவர்கள் குடும்பத்தில் கிடையாது. புருஷன் பெயரும் அப்படியே. பதினான்கு வருஷமாகப் பெற்ற பிள்ளையை 'சின்னவரே, சாப்பிட வாங்க' என்றுதான் அவள் கூப்பிட்டிருக்கிறாள். வெளியில் யாராவது கேட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள்.

"நான் மட்டும் என்னவாம்," என்றாள் சீதாலெட்சுமி. "ரேஷன் கடையில புருஷன் பேரு கேட்டான். நேரா வீட்டுக்கு வந்து இவரக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி அவன் முன்னாடி நிறுத்திட்டேன். நீயே கேட்டுக்கடா அப்பான்னு."

நல்ல கதைதான். சிரிப்பு வருமா என்று மைமூன் காத்துப் பார்த்தாள். வரவில்லை. போன வருஷம் ஜூன் மாதத்திலிருந்தே அப்படித்தான். பசிக்கும், சாப்பிடுவாள். தூக்கம் வரும், தூங்குவாள். மற்றது ஒன்றும் வருவதில்லை.

அவளுடைய கணவர் அப்துல் மஜீத் கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்தவர். விற்கத் துணி இல்லாமல் போனபின் கடைக்குக் கதவு மட்டும்தான் மிச்சம். இப்போது மஸ்ஜித் இந்தியா தெருவில் சாச்சா மகனுடைய தேநீர்க்கடையில் வேலை. விடியுமுன் போய் சாயந்தர அஸர் தொழுகைக்குப் பிறகு திரும்புவார். பள்ளிக்கூட விஷயத்தை அவர் அந்தக் கடையில் வைத்தே விசாரித்திருந்தார்.

ஜப்பான்காரர்கள் ஆண்ட அந்தக் காலத்தில், அதுவும் வயதுக்கு மீறி வளர்ந்துவிட்ட ஒரு பையனுக்கு, பள்ளிக்கூடம் என்பது படிப்புக்காக அல்ல. தெருவில் போகிற ஆண்பிள்ளையை நிறுத்தி லோரியில் ஏற்றிக்கொண்டு போன காலம். எந்தப் பள்ளிக்கூடம் பையனைத் தெருவில் காப்பாற்றும் என்பதுதான் கேள்வி. விசாரித்த வகையில் இரண்டு தேறின.

ஒன்று, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய கட்டடம். முன்பு இங்கிலீஷ் பள்ளிக்கூடம், இப்போது ஜப்பானியப் பாஷை சொல்லிக் கொடுக்கிறார்கள். பாடத்தைவிடக் கும்பிடும் கவாத்தும்தான் அதிகம். ஆனால் சேர்ந்த பையனுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு துணி பேட்ஜ் கொடுப்பார்கள். பேட்ஜ் குத்திய பையனை ரோட்டில் யாரும் தொடுவதில்லை. இன்னொன்று, மஸ்ஜித் இந்தியா தெருவில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் ராமசுப்பிரமணியன் என்கிற வாத்தியார் நடத்தும் வகுப்பு. தமிழ், கணக்கு, கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் இங்கிலீஷ்.

பையனுக்கு மாடிதான் பிடித்திருந்தது. "அத்தா கடைக்கு எதிர்லதானே இருக்கு. ஜாமெட்ரி சொல்லித் தர்றாராம்," என்றான். அவன் ஏதாவது வேண்டும் என்று கேட்டே பல மாதம் ஆகியிருந்தது.

முதலில் மாடிக்குத்தான் போனார்கள். மூவருமாக. பத்தொன்பது பையன்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் பலகையில் ஒரு முக்கோணத்தை வரைந்து பையனிடம் சுண்ணாம்புக்கட்டியைக் கொடுத்தார். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நடுவில் ஒரு கோட்டை இழுத்தான். வாத்தியார் முகம் மலர்ந்துவிட்டது. சாக்குத் துணியில் தைத்த சட்டை போட்டிருந்த மனிதர், அந்த ஒரு நிமிஷம் பழைய ஹெட்மாஸ்டர் மாதிரி நிமிர்ந்து நின்றார்.

மைமூன் வாசலோரம் நின்றபடியே கேட்டாள். "படிக்க வர்ற புள்ளைய ரோட்ல புடிச்சுட்டா, நீங்க என்ன செய்வீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஓடி வந்து பேசுவேம்மா. ஆனா என் பேச்சு எடுபடாது. ரெண்டு பையன் விஷயத்துல பேசிப் பாத்துட்டேன்." பையனைப் பார்த்தார். "இவன் இங்க இருந்தா எனக்கு சந்தோஷம். அதுக்காகப் பொய் சொல்லக்கூடாது இல்லியா. பேட்ஜ் குடுக்கிற இடத்துலயே சேத்துடுங்க."

பையன் சுண்ணாம்புக்கட்டியைத் திரும்பப் பலகையடியில் வைத்தான். அதோடு முடிவாகிவிட்டது.

மாடிப்படி இறங்கும்போது மஜீத் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "என் பேரு லிஸ்டுல இருந்திருந்தா நான் போயிருப்பேன். இவன் அண்ணன் இன்னைக்கு வீட்ல இருந்திருப்பான்."

தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். மூத்தவன் ஜெய்னுதீன், பதினெட்டு வயது, போன ஜூனில் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டு போகப்பட்டான். மூன்று மாதம் என்றார்கள். எட்டு மாதம் ஆகிறது. ஒரு கடுதாசி கிடையாது. வீட்டுக்கு ஒரு ஆள் என்று கணக்கு. அவர்கள் வீட்டுக்கு நேரே லிஸ்டில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. மஜீத் லோரிக்குப் பின்னால் ஓடி, அவனை இறக்கி என்னை ஏற்றுங்கள் என்று கெஞ்சினார். லிஸ்டில் இல்லாதவனை ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

லிஸ்ட் எழுதியவன் பக்கிரிசாமி. அதே தெருக்காரன். வேண்டுமென்றே என் பெயரை விட்டுவிட்டான், முன்பு கடையில் துணி கடன் கேட்டபோது நான் தராததற்குப் பழி தீர்த்துவிட்டான் என்பது மஜீத்தின் தீர்ப்பு. ஒரு வெள்ளிக்கிழமை, பாசாரில் ஊரே பார்க்க அவன் முகத்தில் துப்பினார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் இருக்க முடியவில்லை. கோலாலம்பூருக்கு வந்ததே அதனால்தான்.

பக்கிரிசாமி எந்தப் பெயரையும் வேண்டுமென்று விடவில்லை என்பது மைமூனுக்குத் தெரியும்.

லிஸ்ட் எழுத அவன் வந்த அன்று வீட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள். பக்கிரிசாமி கையில் காகிதத்தோடு வாசலில் நின்று, வீட்டிலுள்ள ஆண்கள் பெயரெல்லாம் சொல்லுங்க அக்கா என்றான். அரிசிக் கார்டுக்கு என்றுதான் அவனும் நினைத்திருந்தான், அவளும் நினைத்தாள். அவள் தெருவைப் பார்த்தாள். எடுத்துக் கொடுக்க ஒருவரும் இல்லை. புருஷன் பெயர் வாயில் வராது. சின்னவன் பெயர் மாமனார் பெயர். சொல்லக்கூடிய பெயர் ஒன்றுதான் இருந்தது. "ஜெய்னுதீன்," என்றாள். மற்றதை அவர் வந்ததும் கேட்டு எழுதிக்கொள் என்றாள். அவன் சாயந்தரம் வருவதாகச் சொன்னான். அதற்குள் மேலிடத்திலிருந்து ஆள் வந்து காகிதத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

இதை அவள் மஜீத்திடம் சொல்லவில்லை. முதல் நாள் சொல்லியிருந்தால் சொல்லியிருக்கலாம்.

பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்க வியாழக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணி வரைதான் நேரம். அதை விட்டால் ஆறு மாதம் கழித்துத்தான். கடையில் சொல்லிவிட்டுப் பத்து மணிக்கு நேரே வந்துவிடுகிறேன் என்று மஜீத் சொல்லியிருந்தார். மைமூன் பையனைக் கூட்டிக்கொண்டு ஒன்பதுக்கே போய் வரிசையில் நின்றாள். பையன்களையெல்லாம் தனியாகப் பிரித்துத் திடலுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர்கள் கிழக்கே பார்த்துக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்கள். அவனுடைய முதுகு மற்ற முதுகுகளைவிட உயரமாகத் தெரிந்தது.

பத்தாயிற்று. பதினொன்றாயிற்று. மஜீத்தைக் காணோம். வரிசை நகர்ந்து, பதினொன்றே முக்காலுக்கு அவள் மேஜைக்கு முன்னால் வந்துவிட்டாள்.

மேஜையில் ரெங்கசாமி என்கிற தமிழ் குமாஸ்தா. பக்கத்து நாற்காலியில் ஒரு ஜப்பான் அதிகாரி கத்தியை முழங்காலுக்கு நடுவே நட்டுவைத்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் இருந்தான். குமாஸ்தா காகிதத்துக்கு அடியில் நீலக் கார்பன் தாளைச் சொருகினார். பக்கிரிசாமி வைத்திருந்ததும் இதே நீலம்தான்.

"வீட்ல இருக்கிற ஆம்பளைங்க பேரு முதல்ல. தகப்பன், பிள்ளைங்க, எல்லாரும்."

மைமூன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லுங்க லா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

அவர் வந்துகொண்டிருக்கிறார், கொஞ்சம் பொறுங்கள் என்று அவள் கேட்டாள். வரிசையை விட்டுப் போனால் கடைசிக்குத்தான் போக வேண்டும் என்றார் குமாஸ்தா. திடலிலிருந்து பையனைக் கூப்பிட்டால் அவன் சொல்வான் என்றாள். கவாத்து நடக்கும்போது யாரையும் கூப்பிடக்கூடாது என்று கண்ணாலேயே அதிகாரியைக் காட்டினார்.

எழுதினாலும் பயம், எழுதாவிட்டாலும் பயம். எழுதிய காகிதம் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியாது. எழுதாவிட்டால் பேட்ஜ் இல்லை. அன்றைக்கு ஒரு பெயர் தனியாக நின்றது, அதைக் கிள்ளி எடுத்துக்கொண்டார்கள். அது மட்டும் அவளுக்குத் தெரியும்.

"அப்துல் மஜீத்," என்றாள்.

குமாஸ்தா எழுதினார்.

"பீர் முகம்மது. இவன்தான் சேர வந்திருக்கிறது."

அதையும் எழுதினார். தலையைக்கூடத் தூக்கவில்லை. மைமூன் தன் நாக்குக்கு ஏதாவது ஆகிறதா என்று பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவுதான்.

"அவ்வளவுதானா?"

"ஜெய்னுதீன். பத்தொம்பது வயசு."

"எங்க வேலை?"

"சயாம்."

பேனா நின்றது. குமாஸ்தா முதல் தடவையாக அவளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "போனவங்கள இதுல எழுதறதில்லம்மா."

"எல்லாரும்னு சொன்னீங்க."

அவர் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். அதிகாரியின் கண் மூடியிருந்தது. பேனாவை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்து, ஓரத்தில், கார்பனில் பதியாதபடி மெல்ல எழுதினார். பிறகு பேட்ஜை மேஜைமேல் வைத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அவள் திரும்பினாள். மூன்று ஆளுக்குப் பின்னால் மஜீத் நின்றிருந்தார். ஓடி வந்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார், நெற்றியெல்லாம் வியர்வை. எப்போது வந்தார், எந்தப் பெயரிலிருந்து கேட்டார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபோது எல்லாமே கேட்டிருப்பார் என்று தோன்றியது.

கடைக்கு ஜப்பான்காரர்கள் எட்டுப் பேர் வந்துவிட்டார்கள், கிளம்பவிடவில்லை என்றார். அவள் தலையாட்டினாள்.

கவாத்து முடிந்து பையன் வந்தான். மஜீத் குனிந்து அவன் சட்டையில் பேட்ஜைக் குத்தினார். ஊசி இரண்டு தடவை தவறியது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வர வேண்டுமாம். பையன் முன்னால் நடந்தான். இவர்கள் பின்னால்.

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. நீளமான கூட்ஸ் வண்டி ஒன்று வடக்கே போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள்தான் மஜீத் கேட்டார். அவளைப் பார்க்காமல், வண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பக்கிரிசாமி எழுத வந்தன்னைக்கு வீட்ல யாரு இருந்தா?"

"நான்தான்."

"வேற யாரு?"

"வேற யாருமில்ல."

இன்னும் நாலைந்து பெட்டிகள் போயின. எல்லாம் மூடிய பெட்டிகள்.

"எத்தனை பேரு சொன்ன?"

"ஒண்ணு."

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். பிறகு கழற்றினார். அடிப்பார் என்று அவள் நினைத்தாள். அழுவார் என்றும் நினைத்தாள். இரண்டில் எது நடந்தாலும் அவளுக்கு ஒன்றாகத்தான் இருந்திருக்கும். இரண்டும் நடக்கவில்லை. கடைசிப் பெட்டி போனபின் சத்தம் கொஞ்ச நேரம் தண்டவாளத்திலேயே கிடந்தது.

"அவன் மூஞ்சியில துப்பிட்டு வந்தேனே," என்றார் மஜீத்.

"ம்."

"தொடைச்சுக்கிட்டான். ஒரு வார்த்த சொல்லல. ஒன்னையக் காட்டிக் குடுக்கல பாத்தியா."

கேட்டைத் தூக்கினார்கள். பையன் தண்டவாளத்துக்கு நடுவில் போய் நின்று, பேட்ஜ் கோணலாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் மாட்டு வண்டிக்காரன் சத்தம் போட்டான். பையன் நகரவில்லை.

"கூப்பிடு அவன," என்றார் மஜீத்.

மைமூன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. அந்தப் பெயரை அந்தக் குரலில் அவன் ஒருநாளும் கேட்டதில்லை. யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பான். அவள் தண்டவாளத்தைத் தாண்டிப் போய் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.