ஏழு பி சொன்ன விடை

பள்ளிக்கூடத்துக் கிணற்றை வெட்டி முடிக்கப் பதினைந்து ஆட்களுக்கு இருபத்தைந்து நாள் பிடித்தது. ஆறு பேர் பத்தே நாளில் முடித்திருக்கக்கூடிய வேலை. அதற்காக ஆட்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் ஏழு பி சொன்ன விடைக்குக் கட்டுப்பட்டவர்கள். அந்த வகுப்பு கணக்குப் பாடத்தில் என்ன விடை சொன்னதோ அந்த வருஷம் அதுதான் வெளியே நடந்தது. மழைக்கு ஒழுகும் அறை அது. ஈர மரமும் டிபன் டப்பாவும் சாக்பீஸ் தூளும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். அங்கே படித்தவர்களுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. எங்காவது இரண்டு பேர் பார்த்துக்கொண்டால் போதும், அந்த வாசனையில்தான் பேச்சு தொடங்கும், டீச்சரில் போய் நிற்கும்.

கணக்கை வீட்டுப் பேச்சிலேயே நடத்திக்கொண்டிருந்த அந்த டீச்சருக்கு, இனி ஆங்கிலத்தில் மட்டும்தான் நடத்த வேண்டும், மீறினால் இடமாற்றம் என்று உத்தரவு வந்தது. அவருடைய ஒரே மகளும் அதே வகுப்புதான். வீட்டில் 'அம்மா' என்பவள் வகுப்பில் 'டீச்சர்' என்பாள். எங்காவது தூக்கியடித்துவிட்டால் இவளை விட்டு எப்படி இருப்பது என்கிற பயத்தில் டீச்சர் வீட்டுப் பேச்சை வாசலோடு விட்டுவிட்டு உள்ளே நுழைந்தார். ஆறு பேர் பத்து நாளில் வெட்டும் கிணற்றைப் பதினைந்து பேர் எத்தனை நாளில் வெட்டுவார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிள்ளைகள் புரியாமலேயே தலையாட்டினார்கள். மகள் மட்டும் எழுந்து, பிசிறில்லாத ஆங்கிலத்தில், இருபத்தைந்து நாள் என்றாள். தப்பித்தோம் பிழைத்தோம் என்று மற்றவர்களும் அதையே சேர்ந்து சொன்னார்கள்.

சாயங்காலம் வீட்டில் டீச்சர் மகளைப் பிடித்துக்கொண்டார். "ஏண்டி, ஆள் கூடினா வேலை சீக்கிரம் முடியுமா, இழுக்குமா?"

"சீக்கிரம் முடியும்."

"அப்புறம் எங்கிருந்து வந்துச்சு இருபத்தஞ்சு?"

"நீ இங்கிலீஷ்ல கேட்டியேம்மா. இங்கிலீஷ்ல கேட்டா நாங்க எல்லாருமே பெருக்கிடுவோம்."

மறுநாள் காலை பதினைந்து ஆட்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாகப் பள்ளி வாசலில் நின்றார்கள். முதலில் மும்முரமாகத்தான் இறங்கினார்கள். நாலு நாளில் முடிந்துவிடும்போல் தெரிந்ததும் பயந்துபோய் வேலையை இழுத்தார்கள். ஒருவர் வெட்ட, பதினான்கு பேர் கரையில் நின்று யோசனை சொன்னார்கள். மர நிழலில் ஆள் மாற்றி ஆள் தூங்கினார்கள். பிள்ளைகளுக்கு உட்கார்ந்து சாப்பிட நிழல் இல்லை என்பதைத் தவிர தலைமையாசிரியருக்கு இதில் வேறு குறையில்லை.

கிணறு முடிந்த வாரம் கல்வி அதிகாரி வந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, நல்ல ஊற்று என்றார். யார் வெட்டியது என்று கேட்கவில்லை. அவர் வந்தது டீச்சரின் ஆங்கிலத்தைச் சோதிக்க. ஏழு பியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அவரே ஒரு கணக்குக் கொடுத்தார். ஒரு குழாய் தொட்டியை ஆறு மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று மூன்று மணி நேரத்தில். இரண்டையும் சேர்த்துத் திறந்தால்? புதிதாக வைத்த தொட்டி கூரைமேல் காலியாகக் கிடந்தது. மகள் ஆறையும் மூன்றையும் கூட்டிவிட்டு எழுந்திருக்கப் பார்ப்பதை டீச்சர் கவனித்தார். ஒன்பது என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டால் பள்ளி விட்டு எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகுதான் தினமும் தொட்டி நிறையும். அதுகூடப் பரவாயில்லை. புரியாமலேயே தலையாட்டும் அத்தனை முகங்களை அதற்குமேல் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"ரெண்டையும் ஒண்ணா திறந்துவிட்டா தொட்டி சீக்கிரம் ரொம்புமா, லேட்டாகுமா? நல்லா யோசிங்க கண்ணுங்களா," என்றார், அதிகாரியின் காதுபடவே.

வகுப்புக்கு உயிர் வந்தது. முனகினார்கள், சண்டை போட்டார்கள், விரல் விட்டு எண்ணினார்கள். கடைசியில் இரண்டு மணி நேரம் என்று ஆங்கிலத்தில் ஒரே குரலில் கத்தினார்கள். கூரையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அதிகாரி ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, தித்திப்பாக இருக்கிறது என்று மனதாரப் பாராட்டினார். பிறகு இடமாற்ற உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

புதுப் பள்ளி நூற்றிருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பஸ் மணிக்கு முப்பதுக்கு மேல் போகாது. டீச்சர் வீடு வந்து சேர்வதற்குள் மகள் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தூங்கிப்போயிருப்பாள். அப்பாதான் தூக்கிப் படுக்க வைப்பார். காலையில் அவள் கண் விழிக்கும்போது அம்மா கிளம்பிப் போயிருப்பார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருவரும் ஞாயிற்றுக்கிழமைதான் முகம் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளை இளைத்துப் போனது தெருவுக்கே தெரிந்தது.

டீச்சர் இடத்துக்கு வந்த சார் நல்ல மனிதர், ஆங்கிலத்தைத் தவிர வேறு பேசாதவர். ஒருநாள் மகள் எழுந்து, தானே ஒரு கணக்குக் கேட்கலாமா என்றாள். சாருக்கு ஒரே சந்தோஷம். நூற்றிருபது கிலோமீட்டரை மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பஸ் எவ்வளவு நேரத்தில் கடக்கும் என்று அவள் சொல்லச் சொல்ல, அவரே போர்டில் எழுதினார். விடையையும் அவளிடமே கேட்டார். ஒரு மணி நேரம் என்றாள். தவறு என்று சொல்லிவிட்டுப் பக்கத்துப் பெண்ணைக் கேட்டார். ஒரு மணி நேரம். அடுத்த பெஞ்சும் அதையே சொன்னது, அதற்கடுத்ததும். நாலு மணி நேரம் என்று அங்கே தெரியாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. டீச்சர் அப்படி நடத்திவிட்டுப் போயிருந்தார். கடைசியில், பிறந்ததிலிருந்து ஒரு விடையைத் தப்பாகச் சொல்லியறியாத முதல் ராங்க் பையனை எழுப்பினார். அவன் போர்டைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். ஒரு மணி நேரம் சார் என்று சொல்லிவிட்டு அழுதே விட்டான். சார் வகுப்பு மொத்தத்துக்கும் பூஜ்யம் போட்டார்.

அன்று வெயில் தாழுமுன்பே டீச்சர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். டிரைவர் எப்போதும் போலத்தான் ஓட்டியிருந்தார். மகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"யாருடி தப்பா சொன்னது?"

"எல்லாருந்தாம்மா."

டீச்சர் மகளை இறுக்கி அணைத்துக்கொண்டார். ஆனாலும் கணக்கு டீச்சர் ஆயிற்றே, மனசு கேட்கவில்லை. வீட்டில் சொல்லும் விடை செல்லாது என்கிற தைரியத்தில், மகளை மடியில் இருத்திக்கொண்டு அந்தக் கணக்கை மறுபடி போட வைத்தார். நாலு என்று அவள் சொன்ன பிறகுதான் விட்டார். அடுத்த மாதம் பஸ் ஸ்டாண்டில் நேரப்பலகையைத் திருத்தி எழுதினார்கள். மகள் படித்து முடிக்கும்வரை அந்த வீட்டில் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள்.