பிரீதாவின் சாயங்காலங்கள்

கடலூரில் மாடி வீடு, இரண்டு அறைகளில் ஏசி, வாசலில் கார் என்று இருந்த கல்யாணசுந்தரி, சிதம்பரத்தில் ஒழுகும் வாடகை வீட்டில் குடியிருந்த சித்தப்பா மகள் பிரீதாவைப் பார்த்து வயிறெரிந்தாள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அதுதான் நடந்தது.

ஒரு கல்யாணத்துக்குப் போனவள் பிரீதா வீட்டில் தங்கினாள். பிரீதாவின் கணவன் சபேஷ் தனியார் பள்ளி ஒன்றில் ஆபீஸ் வேலை பார்த்தான். சொற்பச் சம்பளம். சாயங்காலம் வந்ததும் முகம் கழுவிக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டான். கோயிலைச் சுற்றி நாலு வீதியும் நடப்பது அவர்கள் வழக்கமாம். கல்யாணசுந்தரியும் கூடப் போனாள்.

வழியெல்லாம் பிரீதா, பக்கத்து வீட்டுக்காரியோடு நடந்த தண்ணீர்ச் சண்டையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். பெரிய விஷயமில்லை. ஆனால் சபேஷ் விடவில்லை.

"அப்புறம் அந்தம்மா என்ன சொல்லிச்சு?"

கல்யாணசுந்தரிக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. அவள் கணவன் தேவநாதன் அவளிடம் ஒருநாளும் 'அப்புறம்' என்று கேட்டதில்லை.

ஊர் திரும்பியதும், தேவநாதன் சூப்பர்வைசராக இருக்கும் கம்பெனியிலேயே சபேஷுக்கும் ஒரு வேலை வாங்கித்தரச் சொல்லி அவனை நச்சரித்தாள். பாவம், கஷ்டப்படுகிறார்கள் என்றாள். அது பொய்யுமில்லை. ஆனால் ஷிப்டு வேலைக்குப் போனால் எப்படி வீதி சுற்றுகிறார்கள் பார்ப்போம் என்ற நினைப்பும் உள்ளே இருந்தது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

வேலை கிடைத்தது. சபேஷ் தினமும் சிதம்பரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் கடலூர் வந்து போனான். பிரீதா போனில் நன்றி சொல்லி அழுதுவிட்டாள். ஒழுகாத வீட்டுக்குக் குடிபோனார்கள். மழைக்காலம் முழுக்க இழுத்துக்கொண்டிருந்த அவர்கள் மகளின் இருமல் அந்த வருஷம் வரவில்லை. கல்யாணசுந்தரிக்கு அதில் நிஜமாகவே சந்தோஷம்தான்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் பார்க்கப் போனாள். வீடு பூட்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் இருவரும் தெருமுனையில் வந்தார்கள். நைட் ஷிப்டு முடிந்து வந்த சபேஷின் கண்கள் சிவந்திருந்தன. ஆனாலும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தான்.

"பஸ்ஸ விட்டு எறங்குனா நேரா தூங்கப் போவமாட்டேங்கிறாருக்கா. காலையில வீதில கூட்டம் இல்ல பாரு, ஒரு சுத்து நடந்துட்டு வர்றோம்" என்றாள் பிரீதா. "எல்லாம் உன்னாலதான்."

புது பிரிட்ஜிலிருந்து மோர் எடுத்துக் கொடுத்தாள். கல்யாணசுந்தரி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் பார்த்தாள். ஷிப்டு இவர்களை ஒன்றும் செய்யவில்லை. தேவநாதனுக்கோ லீவு நாளிலும் செல்போனே கதி. அப்படியானால் தன் வீட்டுக் குறை சம்பளத்திலும் இல்லை, வேலை நேரத்திலும் இல்லை. பஸ்ஸில் கடலூர் வரும்வரை அந்தப் பொறாமை அவளை விட்டுப் போகவில்லை. ஆனால் இப்போது பிரீதாவிடமிருந்து எதையும் பறிக்கத் தோன்றவில்லை. தனக்கும் அது வேண்டும் என்றிருந்தது.

அன்று சாயங்காலம் சோபாவில் கிடந்த கணவனிடம் போய் நின்றாள்.

"ஏங்க, பீச் வரைக்கும் போயிட்டு வரலாமா?"

"என்ன வாங்கணும்?"

"ஒண்ணும் வாங்க வேணாம். சும்மாதான்."

தேவநாதன் செல்போனைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஏன், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவளுக்குக் கோபம்தான் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். எதற்கென்று புரியாமலே அவன் எழுந்து சட்டையைத் தேடினான்.