ஆர்லோ பாடிய நாற்பது நொடி

அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் மூடிப்போன டயர் ஆலையைப் பற்றி நதீன் ஆறு வருடமாக ஆவணப்படம் எடுத்து ஓய்ந்திருந்தாள். எல்லாம் முடிந்து, இப்போது நாற்பது நொடியில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. அந்த ஆலையில் உழைத்த ஆர்லோ, முட்டை பொரித்துக்கொண்டே வானொலியோடு சேர்ந்து பாடும் காட்சி அது. எடுத்த மூன்றாம் மாதம் மனிதர் போய்விட்டார். அவர் பாடியது வேறெங்கும் பதிவாகவில்லை. மகள் தெல்மா கேட்டதே அது ஒன்றைத்தான்: அந்தப் பாட்டு படத்தில் இருக்க வேண்டும்.

பாட்டோ இன்னொருவர் சொத்து. எட்டு மாதமாகக் கடிதம் போட்டும் உரிமைக்காரர்களிடமிருந்து சத்தமே இல்லை. அனுமதியில்லாமலே சட்டம் இடம்தரும் ‘நியாயமான பயன்பாடு’தான் என்று வக்கீல் எழுதிக் கொடுத்தால், வழக்கு வந்தால் தாங்கும் காப்பீடு கிடைக்கும். காப்பீடு இல்லாத படத்தை எந்தத் தொலைக்காட்சியும் தொடாது.

வக்கீல் பெர்க் தொலைபேசியிலேயே கொட்டாவி விட்டார்.

“மொத எட்டு நொடி பரவால்ல. அவர் பேசறாரு, பின்னாடி ரேடியோ ஓடுது. அப்புறம் பேச்ச விட்டுட்டுப் பாட ஆரம்பிச்சிடறாரே. பாட்டுக்காகவே பாட்ட வெச்சிருக்கீங்கம்பாங்க.”

“வேற எதுக்குங்க மனுஷன் பாடுவான்?”

“அதெல்லாம் கோர்ட்டுல எடுபடாது. அவர் பாடறதுக்கு மேலயே யாராவது அந்தப் பாட்டப் பத்திப் பேசட்டும், கருத்து சொன்னதா ஆயிடும். நான் கையெழுத்துப் போடறேன். இருபது வருஷம் முன்னாடின்னா இதுக்கும் வழி கிடையாது. சந்தோஷப்படுங்க.”

சந்தோஷப்பட நதீனிடம் தெம்பில்லை.

மறுநாள் தெல்மா தான் ஓட்டும் பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு நேராக வந்து ஒலிவாங்கி முன் உட்கார்ந்தாள்.

“அப்பாவுக்கு இந்தப் பாட்டே ஆகாது. ஷிப்ட் முடியறப்ப தெனம் ஆலையில இதத்தான் போடுவாங்க. ஆலைய மூடினப்புறம்தான் பாட ஆரம்பிச்சாரு.”

பெர்க் அன்று மாலையே ஒப்புக்கொண்டார். நதீன் பாட்டையும் பேச்சையும் சேர்த்துத் தெல்மாவுக்கு ஓட்டிக் காட்டினாள்.

“என் குரலக் கொஞ்சம் கொறையேன். அவர் பாடறது கேக்கல.”

“கொறச்சா காட்சியையே வெட்டச் சொல்லிடுவாங்க, தெல்மா.”

தெல்மா எழுந்து கோட்டை மாட்டினாள். பொத்தான் போடாமலே மறுபடி உட்கார்ந்தாள்.

“அப்ப நான் பேசாதத ஒரு தடவ போடு.”

யாருக்கும் காட்ட முடியாத அந்த நாற்பது நொடியை நதீன் ஓடவிட்டாள்.