மஞ்சள் ஒயர்

கார் உறையை அவனுடைய மைத்துனன்தான் உருவினான். மனைவி இறந்து ஒரு வருடமாக அவன் வண்டி வாசலைத் தாண்டியது அபூர்வம். அவன் சாவியைத் திருப்பினான், வண்டி முனகக்கூட இல்லை. மெக்கானிக் வந்து புது பேட்டரி போட்ட பிறகுதான் உயிர் வந்தது. நேரே பாட்டுப் பெட்டி மாட்டும் கடைக்கு விடச் சொன்னான் மைத்துனன்.

மகள் மாமியார் வீட்டில் இருந்தாள். நாலு வயது. சனிக்கிழமை அவளைக் கொண்டுவந்து விடுவதாக மைத்துனன் சொல்லியிருந்தான். அதற்குப் பிறகு அவள் அப்பாவோடுதான். பாட்டு இல்லாத வண்டியில் ஏறமாட்டாள், தூக்கி உட்கார வைத்தால் தெருவையே கூட்டிவிடுவாள் என்று எச்சரித்தான். அவன் தலையாட்டினான். இந்த ஒரு வருடத்தில் தலையாட்டுவது நன்றாகக் கைவந்திருந்தது.

கடை ஒரு தகரக் கொட்டகை. ஃபிட்டர் வாயில் இரண்டு ஸ்க்ரூவைக் கவ்வியபடியே பேசும் மனிதர். டேஷ்போர்டில் பழைய பெட்டியைக் கழற்றிய ஓட்டை இத்தனை நாளும் ஒரு சின்ன அலமாரியாக இருந்தது. ஃபிட்டர் கையை விட்டு ஒரு பிடி சீட்டுகளை அள்ளினார். எல்லாம் ஒரே ஆஸ்பத்திரியின் பார்க்கிங் சீட்டு.

"வேணுமா சார்?"

"வேணாம்."

மைத்துனன் வேறு எங்கோ பார்த்தான். சீட்டுகள் ஒயர்த் துண்டுகள் கிடந்த டப்பாவுக்குப் போயின.

ஓட்டையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பட்டையை நெம்பி எடுத்து, இரும்பு ஃப்ரேமைச் செருகி, ஸ்பீக்கர் ஒயர்களை நிறம் பார்த்துச் சேர்த்து முடித்ததும் ஃபிட்டர் தலையை வெளியே நீட்டி, வண்டி தினமும் ஓடுமா என்று கேட்டார். ஓடும் என்றான் மைத்துனன். ஓடாது என்றான் அவன். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. வீட்டுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும் என்பதுபோல ஃபிட்டர் காத்திருந்தார்.

பிறகு அவரே விளக்கினார். சிவப்பு ஒயர் சாவியைத் திருப்பினால்தான் விழிக்கும். மஞ்சள் எப்போதும் பேட்டரியைத் தொட்டுக்கொண்டிருக்கும். நேரத்தையும் சத்தத்தின் அளவையும் பாட்டு நின்ற இடத்தையும் பெட்டி நினைவில் வைத்திருப்பது மஞ்சளால்தான். அதற்காகத் துளித்துளியாக பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஓடுகிற வண்டிக்கு அது ஒரு பொருட்டில்லை. வாரக்கணக்கில் நிற்கிற வண்டி என்றால் புது பேட்டரியும் படுத்துவிடும். அப்படிப்பட்ட வண்டிக்கு இரண்டையும் ஒன்றாக முறுக்கிச் சாவியிலேயே கொடுத்துவிடுவாராம். அணைத்தால் எல்லாம் மறந்துவிடும், அவ்வளவுதான்.

"அப்படியே கொடுத்துடுங்க," என்றான் அவன். எதைக் கேட்டாலும் தொல்லை குறைந்ததைச் சொல்லிவிடுவது அவன் வழக்கமாகியிருந்தது.

ஃபிட்டர் உள்ளே குனிந்து முறுக்கத் தொடங்கினார்.

"அது சரிப்படாது அத்தான்," என்றான் மைத்துனன். "நின்ன இடத்துலேருந்துதான் அவளுக்குப் பாடணும். ஒரு நாள் என் வண்டியை பெட்ரோல் போட நிறுத்தினேன். பாட்டு முதல்லேருந்து ஆரம்பிச்சிடுச்சு. வீடு வர்ற வரைக்கும் அழுதா."

"எதுக்கு?"

"தவளைப் பாட்டு. கிணத்துல விழுந்த தவளை மேல ஏறி வரும். பாதி ஏறினதை மறுபடி அடியில தள்ளிட்டேனாம். மாமா கெட்டவன்னு ரெண்டு நாள் பேசலை."

அவளுக்கு அப்படி ஒரு பாட்டு இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஃபோனில் சாப்பிட்டாயா என்று கேட்பான், சாப்பிட்டேன் என்பாள், அதோடு சரி. சனிக்கிழமை வரப்போகிறவளைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அவள் சாப்பிட்டாள் என்பது மட்டும்தான்.

ஃபிட்டர் ஒயரில் சுற்றும் டேப்பைப் பல்லால் கிழித்தார். "சுத்தட்டுமா, பிரிக்கட்டுமா? அப்புறம் மாத்தணும்னா எல்லாத்தையும் கழட்டணும் சார்."

அவன் டேஷ்போர்டின் ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிரிச்சிடுங்க. மஞ்சளை நேரா பேட்டரியில கொடுங்க."

"அப்புறம் வண்டி நின்னுட்டே இருந்து பேட்டரி போச்சுன்னா என்னைத் திட்டக் கூடாது."

"நிக்காது."

வீட்டு வாசலில் நிறுத்தியபோது தவளை பாதிக் கிணற்றில் இருந்தது. மைத்துனன் வழியெல்லாம் அதைத்தான் போட்டுக்கொண்டு வந்தான். அவன் சாவியைத் திருப்பி அணைத்தான். மறுபடி போட்டான். பெட்டி ஒரு கணம் யோசித்துவிட்டு, விட்ட வரியிலிருந்து பாடியது. அணைத்தான். போட்டான். பாடியது. இன்னொரு முறை அணைத்தான்.

"போதும் அத்தான். அது பாவம், ஏற விடுங்க."

இறங்கியதும் மைத்துனன் பழக்கத்தில் உறையை விரிக்கப் போனான். அதை டிக்கியில் போடச் சொன்னான் அவன். பிறகு சொன்னான்: "சனிக்கிழமை நீ கொண்டுவர வேணாம். நானே வந்து கூட்டிட்டு வர்றேன்."

மைத்துனன் உறையை மடித்தான். ஒரு உறையை மடிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"மூணு மணி நேரம் ஆகும். வேற பாட்டு போட விடமாட்டா. இப்பவே சொல்லிட்டேன்."

"தவளை கடைசியில மேல வந்துடுமா?"

"வந்துடும். வந்த உடனே மறுபடி போடச் சொல்வா."