உருண்டைக்கு ஒரு மடக்கு

எங்கள் மருந்து எலிகளின் தாகத்தைக் கூட்டுகிறது என்பதுதான் என் முனைவர் பட்டத்துக்கு இருந்த ஒரே கண்டுபிடிப்பு. மருந்து போட்ட எலிகள் பாட்டிலையே காலி செய்தன. போடாதவை நாகரிகமாக நாலு மடக்கோடு நிறுத்திக்கொண்டன. என் ஆய்வு வழிகாட்டி கோவிந்தராஜன் சார் கொல்கத்தா முழுக்க இதைச் சொல்லித் தீர்த்துவிட்டார்.

எனக்குத்தான் உறுத்தல். தீவனத்தை ஒவ்வோர் உருண்டையாக, இடைவெளி விட்டுப் போடும் இயந்திரம் பாதிக் கூண்டுகளுக்குத்தான் இருந்தது. புதுசாயிற்றே என்று அவற்றை மருந்து எலிகளுக்கே மாட்டியிருந்தோம். மற்றவற்றுக்கு அதே அளவு தீவனம், கிண்ணத்தில் மொத்தமாக. அப்போது அது யாருக்கும் தப்பாகப் படவில்லை.

துர்கா பூஜை விடுமுறையில் ஊரே பந்தல் பந்தலாகச் சுற்றியது. நான் டாலிகஞ்சிலிருந்து மெட்ரோ பிடித்து ஆய்வகத்துக்கு வந்து, மருந்து போடாத எலிகள் சிலவற்றை இயந்திரக் கூண்டுகளுக்கு மாற்றினேன். குடித்துத் தொலைக்காதீர்கள் என்று வேண்டிக்கொண்டேன். குடிக்குமா என்று பார்க்கும் ஆசையையும் அடக்க முடியவில்லை.

முதலில் அவை சமர்த்தாகத்தான் இருந்தன. போகப் போக ஆரம்பித்தன. உருண்டை விழும், தின்னும், அடுத்தது வரும்வரை பாட்டிலை உறிஞ்சும். "தூர்!" என்று வங்காளத்திலேயே திட்டினேன். மறுபடி கிண்ணத்துக்கு மாற்றினால் நாலு மடக்கோடு தூங்கிவிட்டன.

விடுமுறை முடிந்து வந்த சாரை, இயந்திரம் ஓடும் ஒரு கூண்டின் முன் நிறுத்தினேன்.

"இதுக்கு மருந்தே போடலயா?"

"ஒரு சொட்டுகூட இல்ல சார். சாப்பாடு விட்டு விட்டு வந்தா குடிக்குது, அவ்ளோதான்."

"மூணு வருஷம்மா, சஹானா. இதை வேற யாரும் பாக்கலயே."

"நான் பாத்துட்டேனே சார்."

சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. அந்த மூன்று வருஷம் என்னுடையதும்தானே. சார் முகமும் செத்துப்போயிருந்தது.

அதற்குள் இன்னோர் உருண்டை விழுந்தது. எலி தின்றுவிட்டுப் பாட்டிலுக்கு ஓடியது. இருவரும் திரும்பிப் பார்த்தோம்.

"பசிக்கிறது சோத்துக்கு. அது ஏன் தண்ணியக் குடிக்குது?" என்றார் சார்.

"தெரியல சார்."

அவர் ஒரு நாற்காலியைக் கூண்டருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீயும் ஒரு சேர் எடுத்துட்டு வாம்மா."