மெரூன் கட்டத்தில் ஏலிக்குட்டி

வெள்ளிக்கிழமை காலை அச்சகத்திலிருந்து வந்த கட்டைத் தன் டிசைன் கடையில் பிரித்த செலினுக்கு ஒன்றுமே புரியவில்லை. செபஸ்தியார் திருவிழா நோட்டீஸ், இரண்டாயிரம் பிரதிகள். கொடியேற்றம், பவனி, செண்டைமேளம், வாணவேடிக்கை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கடைசிப் பக்கத்தில் 'இவ்வருடப் பிரசுதேந்தி' என்ற வரியும், அதன் கீழே அழகான மெரூன் கட்டமும் இருந்தன. கட்டத்துக்குள் இருக்க வேண்டிய பெயரை மட்டும் காணோம்.

திருவிழாச் செலவு முழுவதையும் அந்த வருடம் ஏற்றுக்கொள்பவர்தான் பிரசுதேந்தி. அந்தத் தேவாலயத்தில் அறுபது வருடமாக அந்த இடத்தில் ஆண் பெயர்தான். பணம் மனைவி வெளிநாட்டில் உழைத்து அனுப்பியதாக இருக்கும். பெயர் திண்ணையில் சீட்டாடுகிற கணவனுடையதாக இருக்கும். குவைத்தில் இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்து திரும்பிய ஏலிக்குட்டிதான் முதன்முதலாக, "என் பேரைப் போடுங்க" என்று கேட்டாள். கைக்காரர் வர்க்கி, அதாவது தேவாலயத்தின் கணக்கையும் சாவியையும் வைத்திருப்பவர், "அப்படி வழக்கம் இல்லையே" என்று மூன்று வாரம் இழுத்தடித்தார். கடைசியில் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு சம்மதித்தார்.

செலின் சொந்த பிரிண்டரில் ஒரு நகல் எடுத்து ஏலிக்குட்டியிடம் காட்டியிருந்தாள். மெரூனில் பளிச்சென்று வெள்ளை எழுத்து. ஏலிக்குட்டி கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்தும் போட்டாள். அதே ஃபைல்தான் அச்சகத்துக்குப் போனது. பிறகு பெயர் எங்கே போய்த் தொலைந்தது?

யோசித்து முடிப்பதற்குள் ஏலிக்குட்டியே கடைக்குள் நுழைந்து, ஒரு நோட்டீஸை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"வர்க்கி உனக்கு என்ன குடுத்தான்?"

"சேச்சி, சத்தியமா நான் ஒண்ணும்..."

"உன் சத்தியத்த செபஸ்தியார்கிட்ட சொல்லு. நான் பாக்கறப்ப இருந்துச்சு. அச்சாகி வர்றப்ப இல்ல. நடுவுல இருந்தது யாரு? நீதானே?"

செலின் அவசரமாகத் திரையைத் திருப்பிக் காட்டினாள். "இங்க பாருங்க, இருக்குல்ல?"

"இங்க இருக்கு. அங்க இல்ல. அப்ப ரெண்டுல எது பொய்?"

ஏலிக்குட்டி வாயைத் திறந்தால் போதும், அந்த ஊரில் ஒரு ஞானஸ்நானக் கார்டு அடிக்கக்கூட யாரும் செலினிடம் வரமாட்டார்கள். அதைவிட, இந்த மனுஷி தன்னை அப்படி நினைத்துவிட்டாளே என்பதுதான் தாங்கவில்லை. வர்க்கி அச்சகத்துக்கே போன் போட்டிருப்பாரோ? இல்லை, தானே ஏதோ ஞாபகத்தில் அழித்துவிட்டோமோ? தன்மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

இருவரும் ஆட்டோ பிடித்துச் சந்தைக்குப் பின்னாலிருந்த அச்சகத்துக்குப் போனார்கள். அச்சக முதலாளி குரியாச்சன் கையில் மையோடு வந்தார்.

"வர்க்கிச் சேட்டன் உங்களுக்கு போன் பண்ணாரா?" என்றாள் செலின்.

"பண்ணாரே."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன சொன்னாரு?"

"அவரு பேருக்கு முன்னால இனிஷியல் விட்டுப்போகலியேன்னு கேட்டாரு. ஏன், விட்டுப்போச்சா?"

விஷயத்தைக் கேட்டதும் குரியாச்சன் அந்த நோட்டீஸை அடித்த அச்சுத் தகடுகளை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "வெள்ளைன்னு ஒரு மை நம்மகிட்ட கிடையாது மோளே. பேப்பர அந்த இடத்துல மட்டும் விட்டுட்டு அடிச்சா அதுதான் வெள்ளை. இதுல விட்ட இடமே இல்ல. கட்டம் முழுசா அடைச்சிருக்கு." பிறகு கணினியில் ஃபைலைத் திறந்தார். பெயர் ஜம்மென்று இருந்தது. அவரும் தலையைச் சொறிந்தார்.

கொஞ்ச நேரம் அதையும் இதையும் தட்டியவர், அச்சில் மை எப்படி விழும் என்று காட்டும் பார்வையை வைத்தார். பெயர் மறைந்தது. எடுத்தார், வந்தது. மறுபடி வைத்தார், மறைந்தது. ஏலிக்குட்டி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"மோளே, இது புதுசா பண்ணின ஃபைலா?"

"இல்ல சேட்டா. போன வருஷத்தத எடுத்து மாத்தினேன்."

சொல்லும்போதே செலினுக்கு விஷயம் பிடிபட்டது. போன வருடம் கட்டம் மஞ்சள், பெயர் கறுப்பு. எழுத்தோரம் இடைவெளி தெரியாமல் இருக்க, கீழே உள்ள நிறத்தை விலக்காமல் அதன்மேலேயே அடிக்கச் சொல்லி ஒரு டிக் போட்டிருந்தாள். இந்த வருடம் கட்டத்தை மெரூனாக்கினாள், பெயரை மாற்றினாள், கறுப்பை வெள்ளையாக்கினாள். டிக்கை எடுக்கவில்லை. கீழே உள்ள மெரூன் விலகவே இல்லை. அதன்மேல் இல்லாத மையால் எழுதினால் என்ன தெரியும்? திரைக்கும் அவளுடைய பிரிண்டருக்கும் இந்தச் சூட்சுமம் தெரியாது. அவை கேட்டதை அப்படியே காட்டிவிட்டன. இதையெல்லாம் அவள் இருவரிடமும் சொல்லி முடித்தாள்.

"போன வருஷம் அந்த எடத்துல யாரு பேரு?" என்றாள் ஏலிக்குட்டி.

செலின் தலையைக் குனிந்துகொண்டாள். "வர்க்கிச் சேட்டன் பேரு."

ஏலிக்குட்டி ஒரு கணம் விழித்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "பாத்தியா! நான் சந்தேகப்பட்டது தப்பே இல்ல!"

சிரிப்பதா அழுவதா என்று செலினுக்குத் தெரியவில்லை. துரோகம் இல்லை என்று தெளிந்துவிட்டது. தப்பு தன்னுடையது என்பதும் தெளிந்துவிட்டது. "என்னை மன்னிச்சிருங்க சேச்சி," என்றாள்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம். ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சதும் இத ஜனங்க கையில குடுக்கணும். அதுக்கு வழி சொல்லு."

வழி குரியாச்சனிடம் இருந்தது. மறுபடி முழுதாக அடிக்கக் காகிதம் இல்லை. ஆனால் ஒரு கல்யாணக் கார்டுக்கு வாங்கிய பொன் மை மிச்சமிருந்தது. சின்ன மெஷினில் இன்னொரு ஓட்டம் விட்டால் மெரூன்மேல் பொன் உட்காரும். "ஆனா காயறதுக்கு நாளாகும். திங்கக்கிழம வரைக்கும் யாரும் தேச்சுடாதீங்க."

அன்று மதியமே அடித்தார்கள். ஏலிக்குட்டி என்ற பெயர் பொன்னாக மின்னியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தேவாலய முற்றத்தில் எல்லார் கையிலும் நோட்டீஸ். வெள்ளை வெளேரென்று ஜுப்பா போட்டு வந்த வர்க்கி அதை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். கைக்காரர் என்ற இடத்தில் இனிஷியலோடு தன் பெயர் சாதாரணக் கறுப்பில்தான் இருந்தது.

"பொன் மையா? இது யாரு முடிவு பண்ணினது?"

"போன வருஷத்து உங்க பேருதான் சேட்டா," என்றாள் ஏலிக்குட்டி.

வர்க்கி திருதிருவென்று விழித்தார். பூசை முடிந்ததிலிருந்து ஏலிக்குட்டியின் விரல்கள் அந்தப் பொன் பெயரைத் தடவிக்கொண்டேதான் இருந்தன. தேய்க்காதே என்று யார் சொன்னால் கேட்பாள்? "எல்லாம் உங்க புண்ணியம்," என்று அவர் முதுகில் அன்பாகத் தட்டிக்கொடுத்தாள்.

கொடியேற்றத்துக்கு மணி அடித்தது. வர்க்கி கொடியை ஏந்திக்கொண்டு ஊர் முழுவதற்கும் முன்னால் கம்பீரமாக நடந்தார். அவர் முதுகில், வெள்ளை ஜுப்பாவில், பொன்னிறத்தில் ஒரு கட்டைவிரலும் இரண்டு விரலும் பதிந்திருந்தன.

"சேச்சி, அவர்கிட்ட சொல்லிடலாமா?" என்றாள் செலின்.

"சும்மா நட மோளே," என்று ஏலிக்குட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.