இடக்கன்னத்து மச்சம்

ஆணாயிருந்து பெண்வேடம் புனையும் டிராக் கலைஞரிடையே எழுதப்படாத விதி ஒன்று உண்டு. எவர் முகத்தில் எம்முகத்தை வேண்டுமாயினும் வரையலாம். தம் மேடைமுகத்தை மட்டும் பிறர்மேல் முற்றாக வரைதல் கூடாது. கைப்பழக்கத்தால் அதுவே வந்துவிடின், மச்சத்தையேனும் கன்னம் மாற்றி வைத்தல் வேண்டும். பதினோராண்டுகளாக டிராக் கலைஞர் சிங்காரி அவ்விதியை மீறியதில்லை.

சாதாரண மனிதர் ஒருவரை வாரந்தோறும் டிராக் ராணியாக்கிக் குடும்பத்தார்முன் நிறுத்தும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், அவ்வாரம் ஒப்பனைக்காகச் சிங்காரியிடம் ஒப்படைக்கப்பட்டவர் பூட்டுத் திறக்கும் தொழிலாளி. அவருக்குக் குடும்பம் இல்லை. ஆகவே இயக்குநர் புதுவழி கண்டிருந்தார்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒரே முகம், ஒரே கவுன். உங்கம்மா வந்து எது தன் புள்ளைன்னு கண்டுபிடிக்கணும். கட்டிப்பிடிச்சு அழுவாங்க. பாக்கிறவன் எல்லாம் அழுவான்!"

"மச்சத்தை மட்டும் வலப்பக்கம் வச்சிடறேன் சார்."

"வேணாம், குளோசப்புல காட்டிக்கொடுத்துடும். பெத்தவளுக்குத் தெரியாதா என்ன?"

அச்சொல்லில் சிங்காரி விழுந்தார். வேடம் புனையத் தொடங்கிய நாள் முதல் அவர் தாய் அவரோடு பேசியதில்லை. முன்தினந்தான் முதன்முறையாகத் தொலைபேசியில், "வர்றேன்டா. ஒரு தடவை பாத்துடறேன்" என்றிருந்தார். அந்த ஓர் அணைப்புக்காகச் சிங்காரி எவ்விதியையும் விற்றிருப்பார்.

முதலில் தம் முகத்தை முடித்துக்கொண்டு, பூட்டுக்காரரின் புருவத்தைப் பசையால் படிய வைத்து, மாவு தட்டி மறைத்தார். அம்மனிதர் சிறிதும் அசையவில்லை.

"அண்ணே, மூச்சாவது விடுங்க. பொணத்துக்குப் பவுடர் போடற மாதிரி இருக்கு."

"பழக்கதோஷம்ப்பா. மூச்சு விட்டா உள்ளே தாழ் நகர்றது காதுல விழாது."

"என் முன்னாடி உக்காந்து எந்தப் பூட்டைத் திறக்கறீங்க?"

அவர் நகைக்கவில்லை. "உங்கம்மா உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?"

"குட்டின்னு. எருமை மாதிரி வளந்தப்புறமும் குட்டிதான்."

"கொடுத்து வச்சவரு. என்னைக் கூப்பிட ஒருத்தரும் இல்ல."

இறுதியாக, அவருடைய இடக்கன்னத்தில் கரும்புள்ளியைச் சிங்காரி இட்டார். எங்கேயோ தாழ் ஒன்று விலகினாற்போல் மெல்லிய ஓசை கேட்டது. பூட்டுக்காரர் அப்போதுதான் மூச்சு விட்டார்.

மேடையில் இருவரும் அருகருகே நின்றனர். தாயார் முதலில் சிங்காரியின் எதிரே வந்து, அவர் கண்களை நெடுநேரம் உற்றுநோக்கினார். பின்பு, அந்நியரை வழியில் இடித்துவிட்டவர்போல் தலையசைத்து விலகி, பூட்டுக்காரரைக் கட்டிக்கொண்டார்.

"குட்டி! ஏன்டா இப்படித் துரும்பா இளைச்சுட்டே?"

அரங்கம் கைதட்டிச் சிரித்தது. இயக்குநருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

ஒப்பனை அறைக்குள் மூவரும் வந்ததும் சிங்காரி, "அம்மா, கேமரா இல்ல, நடிச்சது போதும். நான்தாம்மா உன் புள்ள" என்றார்.

"விளையாடாதீங்க. பதினோரு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் எம் புள்ளையைப் பாக்கறேன்."

சிங்காரி ஈரத்துணியை எடுத்துப் பூட்டுக்காரர் முகத்தில் அழுத்தி எடுத்தார். துணியில் வண்ணமுகம் மச்சத்தோடு முழுமையாகப் பதிந்திருந்தது. அதன்கீழ் வெளிப்பட்டதோ, சிங்காரி நாள்தோறும் கண்ணாடியில் காணும் முகம். சிறுவயதில் சைக்கிளிலிருந்து விழுந்து பட்ட மோவாய்த் தழும்பும் அதிலிருந்தது.

சிங்காரி தம் முகத்தையும் துடைத்துக் கண்ணாடியை நோக்கினார். நரைத்த முள்தாடி, தொங்கிய இமைகள். காலையில் இந்நாற்காலியில் வந்து அமர்ந்தவர் முகம்.

"வா குட்டி, வீட்டுக்குப் போலாம். சாப்பிட்டியா?"

"இல்லம்மா" என்றது சிங்காரியின் குரல். ஆனால் சிங்காரி வாய் திறந்திருக்கவில்லை.

இருவரும் வெளியேறினர். உதவியாளர் பெண் எட்டிப்பார்த்து, கருவிப்பை ஒன்றை மேசைமேல் வைத்தாள்.

"பூட்டுக்காரரே, உங்க பையை மறந்துட்டீங்க. ரூமைப் பூட்டணும், கிளம்பறீங்களா?"

சிங்காரி கூவ எண்ணினார். கூவினால், தாழ்வாரத்தில் தேய்ந்துகொண்டிருந்த "குட்டி" என்னும் அவ்வழைப்பு காதில் விழாது. ஆகவே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.